வீட்டுப் பெரியவருக்கு ஏற்ற எளிய கைபேசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தண்டையார்பேட்டையில் வசிக்கும், எங்கள் அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு ஒரு நல்ல டச் போன் வாங்கிக் கொடுத்தேன். திரை பெரியது, எழுத்து பெரியது, படம் தெளிவானது. அவருக்கு இதைவிட எளிதான ஒன்று கிடைக்காது என்று அப்போது நம்பினேன். மூன்றே நாளில் அது அலமாரிக்குள் போய்விட்டது. "மணி அடிச்சிக்கினே இருக்குது, எடுக்க வர்லப்பா" என்றார். அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் மீன் அறுத்து, உப்பிலும் ஐஸிலும் புழங்கிக் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. விரல் படும்போது ஏற்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தைக் கொண்டுதான் டச் போனின் திரை தொடுதலை அறிகிறது. தோல் வறண்டு தடித்திருந்தால் அந்த மாற்றம் குறைந்து, திரை விரலைக் கண்டுகொள்வதே இல்லை. அவருடைய கையைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்து வாங்கியது என் தவறு.

அதன் பிறகு ஆயாவுக்கும், பெரம்பூரில் இருக்கும் பெரியப்பாவுக்கும், பக்கத்து வீட்டு முதியவர்கள் சிலருக்கும் போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் சிறந்தது என்று இங்கே நான் எழுதப் போவதில்லை; மாடல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பிறகு என்ன செய்து வைக்க வேண்டும் என்பவை மட்டும் மாறுவதில்லை.

கடைக்குப் போகும் முன்பு

முதலில் ஒரு நாள் முழுவதும் அவரோடு இருந்து, இப்போது கையில் உள்ள போனை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றே சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பதிலில் கலந்திருக்கும். ஆகவே கேட்பதைவிடப் பார்ப்பது மேல். மணி அடித்தவுடன் போன் இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிறதா, எடுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறதா, எந்தக் காதில் வைக்கிறார், பேசி முடித்த பின் அழைப்பைத் துண்டிக்கிறாரா அல்லது அப்படியே கீழே வைத்துவிடுகிறாரா, தானாக யாரையாவது அழைக்க வேண்டுமென்றால் பேரனைக் கூப்பிடுகிறாரா என்பவற்றை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

போனை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதும் முக்கியம். எங்கள் ஆயா வெற்றிலை, சில்லறை, ரேஷன் கார்டு எல்லாவற்றோடும் சேர்த்துச் சுருக்குப் பையில்தான் போனை வைப்பார். அந்தப் பைக்குள் நுழையாத அகலமான போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டிலேயே தங்கிவிடும். பைக்குள் நாணயங்கள் அழுத்தித் தானாக எண் போகாமல் இருக்க விசைகள் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். அந்தப் பூட்டைத் திறக்க இரண்டு விசைகளை வரிசையாக அழுத்த வேண்டிய மாடல்களில் பெரியவர்கள் திணறுகிறார்கள். பக்கவாட்டில் மேலும் கீழும் தள்ளும் பூட்டு உள்ள போன், அல்லது மடித்து மூடும் போன் இவ்விடத்தில் மிகவும் உதவும். மூடி போனைத் திறந்தால் அழைப்பு எடுக்கப்படும், மூடினால் துண்டிக்கப்படும். பழைய லேண்ட்லைன் ரிசீவரை எடுத்து வைத்துப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடுகிறது. கீல் தேய்ந்து உடையக்கூடியது என்பதுதான் அதன் குறை.

சட்டைப் பையில் போன் வைக்கும் ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை தேவை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், போனை அந்தக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இடது சட்டைப் பையும் கழுத்தில் தொங்கும் கயிறும் அவர்களுக்கு ஆகாது.

காதும் ஒலியும்

போன் கடைகளில் யாரும் கேட்காத கேள்வி காதைப் பற்றியது. முதுமையில் கேட்கும் திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மறைகின்றன. அதனால்தான் பக்கத்து அறையில் இருக்கும் நமக்குக் காதைத் துளைக்கும் ரிங்டோன், போனுக்கு அருகிலேயே அமர்ந்திருக்கும் தாத்தாவுக்குக் கேட்காமல் போகிறது. சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பு ரிங்டோனை மாற்றிப் பாருங்கள். தவில், நாதசுரம் போலவோ, பழைய தொலைபேசியின் மணி போலவோ கனமான, தாழ்ந்த சுருதியுள்ள ஒலி பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். மணி அடிக்கும்போது அதிர்வதும், போனில் விளக்கு மின்னுவதும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

பேசுபவரின் குரல் வேறு விஷயம். ஒலிபெருக்கியில் கத்தும் போன்கள் பல, காதில் வைத்தால் முணுமுணுக்கின்றன. கடைக்குள் அமைதியாக இருக்கும் இடத்தில் சோதித்துவிட்டு வாங்கி வந்து, வீட்டில் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பேச முடிகிறதா என்பதுதான் எங்கள் பக்கத்துச் சோதனை. பெரியவரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்து, தெருச் சத்தத்தின் நடுவே உங்கள் எண்ணிலிருந்து அவரை அழைத்து, நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

காதுக்கருவி அணிபவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. 2ஜி அலைவரிசையில் பேசும்போது போன் இடைவிடாமல் அலை வீசுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு வீசுகிறது. அந்தத் துடிப்பைக் காதுக்கருவி உள்வாங்கி, ஜீ என்ற வண்டுச் சத்தமாகக் கேட்கச் செய்துவிடும். "இந்தப் போன்ல ஒரே இரைச்சல்" என்று பெரியவர் போனையே வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 4ஜி வழியாகப் பேசும் போனில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. காதுக்கருவியோடு ஒத்துப்போகும் போன்களின் பெட்டியிலோ குறிப்பேட்டிலோ எம்3, எம்4, டி3, டி4 போன்ற குறிகள் இருக்கலாம். எண் கூடக் கூடப் பொருத்தம் நல்லது. குறி இல்லாவிட்டாலும், கருவியை அணிந்த காதிலேயே வைத்துப் பேசிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேட்கும் திறன் அண்மையில் திடீரென்று குறைந்ததாகத் தோன்றினால், புதிய போனைத் தேடுவதற்கு முன்பு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள வேறு மருத்துவமனையிலோ காதைக் காட்டிவிடுவதே முறை.

கண்ணும் கையும்

கண்ணைப் பொறுத்தவரை, எண்ணின் அளவைவிட அதற்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு முக்கியம். கறுப்பு விசையில் சாம்பல் எண் அச்சிட்ட போன் கடை விளக்கில் அழகாக இருக்கும். கண்புரை உள்ளவருக்கு அது வெறும் கறுப்புப் பலகை. வெள்ளையில் கறுப்பு, அல்லது கறுப்பில் பளிச்சென்ற வெள்ளை என்று இருக்க வேண்டும். விசைகள் ஒன்றோடொன்று ஒட்டியிராமல் இடைவெளி விட்டு, சற்று மேடாக, அழுத்தும்போது விரலுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். 5 என்ற விசையின் மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். பார்வை மங்கியவர்கள் அதைத் தடவி மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம். அந்தப் புள்ளி தெளிவாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தடவிப் பாருங்கள்.

சில பட்டன் போன்களில் எண்ணை அழுத்தியவுடன் அந்த எண்ணைச் சொல்லும் வசதி உண்டு. அது எந்த மொழியில் பேசுகிறது என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பெரியவருக்குத் தெரியாத மொழியில் அது சொல்லிக்கொண்டே இருப்பது உதவியாகாது, குழப்பமாகிவிடும்.

கை நடுக்கம் உள்ளவர்கள் அதிகம் அவதிப்படுவது பேசும்போதன்று, சார்ஜ் போடும்போது. குறுகலான பழைய மைக்ரோ யு.எஸ்.பி. முனை ஒரு பக்கமாகத்தான் நுழையும்; திருப்பிச் செருகினால் உள்ளே உள்ள தகடு வளைந்து, அந்த வாரத்தோடு போன் முடிந்துவிடும். இரு பக்கமும் நுழையும் டைப் சி முனை மேலானது. தாங்கியில் வைத்தாலே சார்ஜ் ஏறும் போன் அதைவிட மேலானது; முதியவர்களுக்கென்றே வரும் சில போன்களில் அப்படிப்பட்ட தாங்கியும், பின்புறம் அவசர உதவிக்கு அழைக்க எஸ்.ஓ.எஸ். என்ற ஒரு பெரிய பொத்தானும் கொடுக்கிறார்கள். இரண்டும் கிடைக்காவிட்டால், முனையை மட்டும் போனிலேயே செருகி வைத்துவிட்டு வயரைக் காந்தத்தால் ஒட்டவைக்கும் கேபிள் சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. எங்கள் பெரியப்பா இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறார்.

பட்டன் போனா, டச் போனா, மேசைப் போனா

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பேசுவது மட்டும்தான் தேவை என்றால் பட்டன் போனே வாங்குங்கள். ஏறத்தாழ ஆயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் தேவையானது கிடைத்துவிடும். பேட்டரி நாள்கணக்கில் நிற்கும் என்பது சாதாரண நாளில் ஒரு சௌகரியம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல், தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பேட்டரியும் போனின் டார்ச்சும் எவ்வளவு பெரிய துணை என்பது தெரியும். டார்ச்சுக்குத் தனி விசை இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோ கேட்பவராக இருந்தால், இயர்போன் செருகாமலே எஃப்.எம். ஒலிக்கும் போனாகத் தேர்ந்தெடுங்கள். பல மாடல்களில் இயர்போன் வயரே ஆன்டெனாவாக இருப்பதால், அது இல்லாமல் ரேடியோ பாடாது.

வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவருக்கு, பலர் மறந்துவிட்ட ஒரு வழி இருக்கிறது. லேண்ட்லைன் போலவே ரிசீவரும் பெரிய விசைகளும் கொண்டு, உள்ளே சிம் கார்டு போட்டுக்கொள்ளும் மேசைப் போன்கள் இன்றும் விற்கின்றன. போன் எங்கே என்று தேட வேண்டியதில்லை, எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும், ரிசீவரை எடுத்தால் பேசலாம், வைத்தால் துண்டிக்கப்படும். ஞாபக மறதி தொடங்கியிருக்கும் பெரியவர்களுக்கு இதுவே மிகச் சிறந்தது என்று நான் கருதுகிறேன்; புதிதாகக் கற்க அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

டச் போன் எப்போது தேவை? துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனின் முகத்தை, பேத்தியின் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும்போது அதை மறுப்பது நியாயமில்லை. பட்டன் போனிலேயே வாட்ஸ்அப் வருமென்று யாராவது சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள், கை ஓ.எஸ். (KaiOS) என்ற மென்பொருளில் இயங்கும் பட்டன் போன்களில் முன்பு அது இருந்தது, ஆனால் 2024 ஜூனுக்குப் பிறகு அவற்றில் அதைப் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே டச் போன்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கினால், சாம்சங் போன்ற நிறுவனங்களின் போன்களில் உள்ள ஈஸி மோட், வேறு சில நிறுவனங்களில் சிம்பிள் மோட் அல்லது லைட் மோட் என்று வரும் அமைப்பை முதலில் இயக்குங்கள். ஐபோனாக இருந்தால் 2023-இல் வந்த ஐ.ஓ.எஸ். 17 முதல் அசிஸ்டிவ் ஆக்ஸஸ் என்ற எளிய முகப்பு இருக்கிறது. போனின் மொழியைத் தமிழாக்குங்கள். முதல் திரையில் நான்கைந்து சின்னங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

விரல் படாத பிரச்சினைக்கும் வழி உண்டு. சாம்சங் போன்களின் அணுகல்தன்மை அமைப்புகளில், ஒலியைக் கூட்டும் பக்கவாட்டு விசையை அழுத்தினால் அழைப்பை எடுக்கவும், பவர் விசையை அழுத்தினால் துண்டிக்கவும் ஏற்பாடு செய்யலாம். நடுக்கத்தால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை விரல் பட்டுவிடுகிறது என்றால், மறுபடி படும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் அமைப்பும் அதே இடத்தில் இருக்கிறது. இவற்றை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நான் அறிந்திருந்தால் ஆயாவின் டச் போன் அலமாரிக்குப் போயிருக்காது. இப்போது எங்கள் வீட்டில், பேசுவதற்கு ஆயாவின் சுருக்குப் பையில் பட்டன் போனும், முகம் பார்ப்பதற்கு டி.வி. மேசையில் நிறுத்தி வைத்த டச் போனும் ஆக இரண்டு இருக்கின்றன. ஒரே கருவி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

சிம், டவர், ரீசார்ஜ்

வாங்கி வந்த புதிய போனில் பழைய சிம்மைப் போட்டால் டவரே வரவில்லை என்று திரும்ப ஓடுபவர்களை எங்கள் தெருமுனைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. எனவே 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. மறுபுறம், ஜியோ பாரத் போன்ற மலிவான கருவிகளில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட முடியாது. ஆகவே பெரியவரிடம் இப்போது எந்த நிறுவனத்தின் சிம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே போனைத் தேடுங்கள். சற்று விலை கூடினாலும், எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் 4ஜி பட்டன் போனையே நான் பரிந்துரைப்பேன். காதுக்கருவிக் காரணத்தை மேலே சொன்னேன், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் போன் பயன்படும் என்பது இரண்டாவது காரணம். அந்த சிம்மில் வோல்ட்டி (VoLTE) என்ற 4ஜி பேச்சு முறை வழியாகப் பேச முடிகிறதா என்று கடையிலேயே ஓர் அழைப்பு செய்து உறுதிப்படுத்துங்கள். பல பட்டன் போன்களின் சிம் பொருந்துமிடம் பெரியதாக இருக்கும். இன்றைய சிறிய நானோ சிம்மைச் சட்டத்தில் வைத்துத்தான் பொருத்த வேண்டும். அந்தச் சட்டம் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் கடைக்காரரையே பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, வங்கி, ஆதார், கேஸ் சிலிண்டர், முதியோர் உதவித்தொகை எல்லாம் அந்த எண்ணில்தான் வருகின்றன. நிறுவனத்தை மாற்ற வேண்டியிருந்தால், போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டுப் பத்து இலக்க எண்ணையும் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மாறலாம். 2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை நின்றபோது, இந்த வழி தெரியாமல் பல ஆண்டு எண்ணை இழந்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய முதியவர்களை நான் அறிவேன். சிம் பெரியவரின் பெயரிலேயே இருப்பதும் நல்லது. தொலைந்தால் மாற்று சிம் வாங்குவது எளிது.

ரீசார்ஜில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் பிறப்பித்த விதிப்படி, இணையம் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும். ஒரு திட்டம் 365 நாள் வரை செல்லலாம். பட்டன் போன் வைத்திருப்பவருக்குத் தினமும் ஒன்றரை ஜி.பி. எதற்கு? கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டாலும் "பேசுறதுக்கு மட்டும் இருக்கிற திட்டம்" என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில்

பர்மா பஜாரில் வாங்கினாலும் எம்.சி. ரோட்டில் வாங்கினாலும் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். போனில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எனப்படும், அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் தோன்றும், அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422-க்கு அனுப்பினால் அது எந்த போனுக்குரிய எண் என்ற விவரம் வரும். தனியாகப் பேட்டரி வாங்கினால் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை.

அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரியவரின் கையில் போனைக் கொடுத்துச் சோதிப்பதற்கு. அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவர் என்றால் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் ஆட்டோவில் கூட்டிப் போங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவரை அழையுங்கள். எடுக்கிறாரா, கேட்கிறதா, துண்டிக்கிறாரா என்று மூன்று முறை பாருங்கள். மூன்றாவது முறையும் தடுமாறினால் அந்த போன் வேண்டாம். இப்போது பழகியிருக்கும் போனின் அமைப்புக்கு மிக நெருங்கியது எதுவோ அதையே எடுங்கள். பச்சை விசை இடப்புறம், சிவப்பு வலப்புறம், மெனு நடுவில் என்ற பழைய ஒழுங்கை அவருடைய விரல் மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கிய 2006 முதல் 2014 வரையிலான காலத்தில் முதல் போன் வாங்கியவர்கள் பலர் இன்று எழுபதைக் கடந்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அந்த அமைப்பு இன்னும் தாய்வீடுதான்.

வாங்கிய பிறகு

பெட்டியோடு அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முதல் மாலை முழுவதும் அதற்கு ஒதுக்குங்கள். தொடர்பு எண்களைப் பத்துக்குள் நிறுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, படத்தை அழுத்தி அழைக்கும் வசதியுள்ள போனில் முகங்களைப் பொருத்துங்கள். அது இல்லாத பட்டன் போனில், விசையை நீட்டி அழுத்தினால் அழைப்புப் போகும் விரைவு அழைப்பை அமைத்து, 2 என்றால் மகள், 3 என்றால் மகன் என்று பழக்குங்கள். இங்கே ஒரு கவனம் தேவை. இந்தியாவில் 2017 முதல் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 என்ற விசையை நீட்டி அழுத்தினால் அவசர அழைப்புப் போகும்படி அமைக்க வேண்டும் என்பது அரசு விதி. எந்த விசை அது என்பதைப் போனின் குறிப்பேட்டில் பார்த்து, அந்த விசையில் வேறு யாரையும் அமைக்காதீர்கள். டச் போனில் பவர் விசையை வேகமாக மூன்று முறை அழுத்துவது இதே வேலையைச் செய்யும்; சில மாடல்களில் ஐந்து முறை.

பச்சை விசையின் மேல் பச்சை, சிவப்பின் மேல் சிவப்பு என்று நகப் பாலிஷில் ஒரு துளி வைத்தால், தடவினாலே தெரியும் மேடாகவும் நிற்கும். இணையத்தை அணைத்து வையுங்கள். விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த எண்களைத் தவிர மற்றவை வராதபடி பூட்டும் வசதி சில போன்களில் உண்டு. அதை நான் விரும்புவதில்லை, சிலிண்டர் கொண்டுவருபவரின் அழைப்பும் மருத்துவமனையின் அழைப்பும் அதில் சேர்ந்து நின்றுவிடும்.

போன் இருக்கும் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கான 108, அவசர உதவிக்கான 112, முதியோர் உதவி எண்ணான 14567, இரண்டு பிள்ளைகளின் எண்கள், அவற்றின் கீழே வீட்டு முகவரி. நம் பகுதியில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, அதற்கு மேல் ஒரே பெயரில் பல தெருக்கள் என்று இருப்பதால், ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டிய அடையாளத்தையும் எழுதுங்கள்: எந்தக் கோயிலுக்கு எதிரே, எந்தப் பள்ளிக்குப் பின்னால், எந்த பிளாக்கில் எத்தனையாவது மாடி. பதற்றத்தில் அவருக்கே அவருடைய வீட்டு எண் மறந்துவிடும்.

கற்றுக்கொடுக்கும்போது நாளுக்கு ஒன்று என்று வையுங்கள். முதல் நாள் எடுப்பதும் துண்டிப்பதும் மட்டும். மறுநாள் மகளை அழைப்பது. அதற்கும் அடுத்த நாள் சார்ஜ் போடுவது. பக்கத்து அறையிலிருந்து அழைத்துப் பயிற்சி கொடுங்கள். அவர் தடுமாறும்போது போனைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். உங்கள் விரலின் வேகத்தை அவர் கண்ணால் பிடிக்க முடியாது, மனத்தில் தங்குவது வெட்கம் மட்டுமே. எதை அழுத்தினாலும் போன் கெட்டுவிடாது என்று அவருக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள்.

ஏமாற்று அழைப்புகளைப் பற்றிச் சொல்லும்போது "எந்த நம்பரையும் யாருக்கும் சொல்லாதே" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சிலிண்டர் கொண்டுவருபவர் குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்கிறார், அதைச் சொன்னால்தான் சிலிண்டர் கிடைக்கும். சொல்லக் கூடாது என்பதா, சொல்ல வேண்டும் என்பதா என்று எங்கள் ஆயா ஒருமுறை மிகவும் குழம்பிப் போனார். இப்போது அவருக்கு நாங்கள் சொல்லியிருப்பது இது: சிலிண்டரோடு ஆள் வாசலில் நிற்கும்போது மட்டும் சொல்லலாம், போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. போலீஸ் என்றோ வங்கி என்றோ சொல்லி மிரட்டினால் பதில் பேசாமல் சிவப்பு விசையை அழுத்திவிட்டு 2-ஐ அழுத்தி அம்மாவைக் கூப்பிட வேண்டும். வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்யும் முறை சட்டத்தில் கிடையாது என்பதையும் சொல்லி வைத்திருக்கிறோம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை அவர் பக்கத்தில் அமர்ந்து போனைப் பாருங்கள். எடுக்காமல் விட்ட அழைப்புகள் எத்தனை, அவை எந்த நேரத்தில் வந்தவை என்று பட்டியல் காட்டிவிடும். பகலில் எடுக்கிறவர் மாலையில் மட்டும் தவறவிடுகிறார் என்றால் அப்போது டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், போன் வைக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். எல்லா நேரமும் தவறவிடுகிறார் என்றால் ஒலியையோ காதையோ பார்க்க வேண்டும். நிரம்பி வழியும் குறுஞ்செய்திகளை அழியுங்கள், பழைய பட்டன் போன்களில் இடம் நிறைந்தால் புதியவை வராது. ரீசார்ஜ் முடியும் தேதியைத் தினசரி நாள்காட்டியில் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். எங்கள் ஆயா காலையில் தாளைக் கிழிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, அவரே 2-ஐ நீட்டி அழுத்தி எங்கள் அம்மாவை அழைத்து ஞாபகப்படுத்துகிறார்.